ஒரே பானைக் களியும் ஒரு சின்னக் குப்பியும்

கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியராக இருபத்தொன்பது வருடம் நடந்திருக்கிறேன். வேலை பார்த்தேன் என்று எழுதாமல் நடந்தேன் என்று ஏன் எழுதுகிறேன் என்பதை உங்கள் முழங்கால்கள் இந்நேரம் உங்களுக்குச் சொல்லியிருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் நீங்கள், "அக்கா, உங்க அனுபவத்துல நாலு நல்ல விஷயம் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். என் நல்ல விஷயங்களையெல்லாம் செம்மேட்டு டீக்கடை வரைக்கும் நானே பரப்பித் தீர்த்துவிட்டேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதுகிறேன். 

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பேசப் பிடிக்கும். சந்தை நாளில் ஒரு மேசையைப் போட்டு உட்காரவைத்தால், மிளகு விற்க வந்தவரைக்கூட நிறுத்தி, இரும்புச் சத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசித்தான் அனுப்புவேன். பணியின் கடைசி வருடங்களில் குடல் புற்றுநோய் பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாட்டில் போதுமான சுண்ணாம்புச் சத்து கிடைத்தால் அந்த நோய் வரும் ஆபத்து ஓரளவு குறையலாம், ஆனாலும் வயதானவர்கள் சோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும், இதுதான் அங்கே சொன்னது. நான் மலையேறி வந்து சேர்வதற்குள் அது வேறாகிவிட்டது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். இந்த ஊர்க்காரர்களோ தலைமுறை தலைமுறையாகக் களி தின்கிறவர்கள். பிள்ளைகள் ரேஷன் அரிசிக்கு மாறிப்போகிறார்களே என்று எனக்கு ஏற்கெனவே எரிச்சல். நல்ல சாக்கு கிடைத்தது. "களி திங்கற குடல்ல அந்த நோவு அண்டவே அண்டாது" என்று சந்தையில் அடித்துவிட்டேன். கூட்டம் சிரித்தபடி தலையாட்டியது. எனக்கும் உச்சி குளிர்ந்தது.

அந்தப் பங்குனியில்தான் சோதனைக் குப்பிகள் வந்தன. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதன் மூடியில் ஒரு குச்சி. காலையில் போன மலத்தில் குச்சியைத் தொட்டு உள்ளே விட்டு மூடிக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் கலந்திருந்தாலும் சோதனையில் தெரிந்துவிடும். ஐம்பது வயது தாண்டியவர்களின் பட்டியல் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். பட்டியலில் உள்ள பேருக்கு மட்டும்தான் குப்பி. தினமும் சாயங்காலம் மேலிடத்திலிருந்து போனில் ஒரே கேள்வி: "எத்தனை திரும்பி வந்துச்சு?" யாருக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று நானும் அப்போது நினைக்கவில்லை. எண்ணிக்கை ஏறினால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாழவந்தி நாட்டுப் பகுதியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து இறங்கி ஒரு ஓடையைத் தாண்டி ஏறினால் ஒரு வீடு. அங்கே மாரியம்மன் கோயில் பூசாரி இருந்தார், வயது எழுபதை ஒட்டி. அவர் மகன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவரும் மருமகள் சின்னப்பொண்ணும்தான். சின்னப்பொண்ணுக்கு நாற்பத்தேழு வயது. மரவள்ளிக் காடு, மாடு, மாமனார் எல்லாம் அவள் பொறுப்பு.

பூசாரியின் குப்பிக்காக இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது முறை போனபோது அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது.

"ஏனுங்க பெரியவரே, இன்னைக்காச்சும் குடுங்க" என்றேன்.

"காப்புக் கட்டுன கையில அசிங்கத்தத் தொடச் சொல்றயா நர்சு? பதினஞ்சு நாளைக்கு நான் ஆத்தாவோட ஆளு. அப்புறமா வா."

"அப்புறம்னா எனக்கு மேல இருக்கறவங்க என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. மூணு தடவ ஓடை தாண்டி வந்துட்டேன். என்ற காலப் பாருங்க, எப்படி வீங்கிக் கெடக்குது!"

கத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கத்தினேன். அவர் காதில் வாங்காமல் கோயில் பக்கம் போய்விட்டார். நான் வாசலிலேயே உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தேன். சின்னப்பொண்ணு களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "தின்னுட்டுப் போங்க நர்சம்மா, மொகமே வாடிப் போச்சு" என்றாள். தின்றேன். குப்பியை அவள் வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன், சின்னப்பொண்ணு மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். இலையில் சுற்றிய குப்பியை என் பையில் போட்டாள்.

"குடுத்துட்டாருங்களா?"

"ம்" என்றாள். "போய்ட்டு வாரேங்க, மாடு கட்டாம கெடக்குது" என்று திரும்பி ஓடினாள்.

காப்புக் கட்டியவர், நேற்று அவ்வளவு பிடிவாதம் பிடித்தவர், ஒரே ராத்திரியில் எப்படி மனசு மாறினார்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நான் போட்ட சத்தம் வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குப்பியில் பூசாரியின் பெயரை என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.

அந்தக் குப்பியில் ரத்தம் இருந்தது.

திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்ததும் அவரை மலைப்பாதையின் எழுபது வளைவும் இறக்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குடலைக் கழுவ மருந்து கொடுத்தார்கள். அவர் என்னைத் திட்டிய திட்டு அந்த வார்டு முழுக்கக் கேட்டது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. சில நேரம் இப்படி வருவது உண்டு என்றார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மலையேறி அவர் வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்: "பெரியவருக்குக் குடல் எளவட்டக் குடல்! இந்த ஊட்டுக் களி தின்ன ஒடம்புக்கு ஒண்ணும் வராது!"

எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் பிழைத்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் அவள் என் நிலையத்துக்கு வந்தாள். மூச்சு வாங்குகிறது, காட்டில் நிற்க முடியவில்லை என்றாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ரத்த அளவு எட்டுக்கும் கீழே. மலைப் பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பது நமக்கு அதிசயமா? இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். "வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துக்காத, மாத்திரையாலதான்" என்றும் சொல்லி அனுப்பினேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களும் தினமும் சொல்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஆவணியில் பார்த்தேன், ரத்தம் ஏறவில்லை. புரட்டாசியில் இன்னும் இறங்கியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தடுப்பூசிக்கு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். "மாத்திரயெல்லாம் எந்தக் குப்பையில போட்ட? கறுப்பாப் போவுது, நாத்தம் அடிக்குதுன்னு எறிஞ்சுட்டு வந்து எம்முன்னால நிக்கறயா?"

"இல்லீங்க நர்சம்மா, தின்னுட்டுத்தான் இருக்கறேன்."

"எங்கிட்டயேவா? எத்தன பேரப் பாத்திருக்கறேன்!"

அவள் தலை குனிந்துகொண்டாள். மாதம் ஒரு தடவை வருகிற டாக்டர், என் மகன் வயதுதான் இருக்கும், அவரும் அன்று இருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரத்தம் ஏறலைன்னா ஒண்ணு மாத்திரை உள்ள போகலை, இல்லைன்னா ரத்தம் வெளிய போகுது. எதுன்னு பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். "உள்ள போகலை டாக்டர். இவங்களை எனக்குத் தெரியாதா?" என்றேன். சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இத்தனை வருட அனுபவத்தோடு மோத அவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவர் அன்று என்னோடு சண்டை போட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்குச் சொல்கிறேன், அனுபவசாலி என்று யார் முன்னாலும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள், முக்கியமாக என்னைப் போன்றவர்கள் முன்னால்.

ஐப்பசியில் ஒரு காலை அவள் மறுபடி வந்தாள். படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றாள். மேசை மேல் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள் பத்துப் பத்தாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. ஒவ்வொரு குழியும் கிழிந்திருந்தது.

"நீங்க நம்பலீங்க. அதான் ஒண்ணுகூட வீசாம எடுத்து வெச்சேன். இனி திட்டாதீங்க நர்சம்மா, நாலு பேரு முன்னால எனக்கு மானமே போச்சு."

கொடுத்ததற்கும் திரும்பி வந்ததற்கும் கணக்குச் சரியாக இருந்தது. முதலில் வெட்கம்தான் வந்தது. அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. இத்தனையும் உள்ளே போயிருக்கிறது என்றால், ரத்தம் எங்கே போகிறது?

"மாசாமாசம் அதிகமாப் போவுதா கண்ணு?"

"அது நின்னு ரெண்டு வருசமாச்சுங்களே."

"வெளிக்கு?"

"கறுப்பாத்தான் போவுது. மாத்திரயாலன்னு நீங்கதானே சொன்னீங்க."

"மாத்திர திங்கறதுக்கு முன்னால?"

 நூலின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"சொல்லு கண்ணு. நான் திட்ட மாட்டேன்."

"முன்னாலயும் அப்பப்ப கருஞ்செவப்பா இருக்குங்க. பங்குனிக்கும் முன்னாலருந்தே." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "நர்சம்மா, அந்தக் குப்பி மாமாவோடது இல்லீங்க. என்னோடது."

  நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னேன்.

"அவரு காப்புக் கட்டியிருந்தாருங்களா, தர மாட்டேன்னுட்டாரு. நீங்க மூணு தடவ நடந்து வந்துட்டீங்க. காலு வீங்கிக் கெடந்துச்சு. உங்கள மேல திட்டுவாங்கன்னு வேற சொன்னீங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரலீங்க."

"அதுக்கு உன்னோடதக் குடுப்பயா? ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதானுங்களே? ஒரே பானைக் களிதான் நானும் மாமாவும் திங்கறோம். திங்கறதுதான் குடலுக்கு, களி தின்னா நோவு அண்டாதுன்னு நீங்கதானே சந்தையில சொன்னீங்க. ஒரே சோறு தின்னா ஒரே மாதிரித்தானே இருக்கும்னு நெனச்சுட்டேன்."

"ரத்தம் இருக்குதுன்னு வந்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"பயந்துதாங்க கெடந்தேன். சோறே எறங்கல. ஆனா மாமாவுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. இந்த ஊட்டுக் களி தின்ன ஒடம்புக்கு ஒண்ணும் வராதுன்னு வாசல்ல நின்னு சொன்னீங்க. அப்ப எனக்கும் ஒண்ணும் இல்லதானேன்னு அன்னைக்குத்தான் நிம்மதியாச்சுங்க."

அன்று அவள் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தது அதற்குத்தான்.

பிள்ளைகளே, ஒரு பெண் என் மேல் இரக்கப்பட்டுத் தன் நோயை எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறாள். நான் அதன்மேல் வேறொருவர் பெயரை எழுதியிருக்கிறேன். மலை ஜனங்கள் நம்மை ஏமாற்றுவார்கள் என்று நமக்கு எச்சரிக்கை செய்வார்கள். நம்மை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராதவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. நான் காலைக் காட்டிப் புலம்பாமல் இருந்திருந்தால் அவள் அந்தக் குப்பியைத் தொட்டிருக்கவே மாட்டாள். அவளுடைய நோய் வேறு எப்படியாவது தெரிந்திருக்குமா, தெரியாமலே போயிருக்குமா என்று இன்றுவரை எனக்கு விடை இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். "இன்னைக்கே கீழ இறக்குங்க" என்றார். அவளோ, "தீபாவளிக்கு ஊட்டுக்காரரு வந்துருவாரு, வந்ததும் போறேன். மாமாவுக்குத் தெரிஞ்சா ஊட்டுல நிக்க முடியாதுங்க" என்று அழுதாள். காப்புக் காலத்தில் மாமனார் பெயரில் அசிங்கம் போயிருக்கிறது, அது அவளுக்குப் பெரிய குற்றம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஏழு மாதம் பொறுத்ததில் இன்னும் இரண்டு வாரம் என்ன என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொல்லத்தான் செய்தது. அந்தச் சமாதானத்துக்கு மட்டும் இந்த முறை நான் காது கொடுக்கவில்லை. அவளை நிலையத்திலேயே படுக்கவைத்துவிட்டு ஓடை தாண்டிப் போனேன்.

பூசாரி வாசலில் மரவள்ளிக் குச்சிகளை நறுக்கிக்கொண்டிருந்தார். குப்பியைப் பற்றி, சந்தையில் பேசியதைப் பற்றி, அவளை நாலு பேர் முன்னால் திட்டியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். குற்றம் என்னுடையது, அவளை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அப்ப எனக்கு வயித்தக் கழுவி, குழாய் உட்டுப் பாத்தாங்களே... அது அவளுக்குப் பண்ண வேண்டியதா?"

"ஆமாங்க."

"ஏழு மாசம் ஆச்சே நர்சு" என்றார். பிறகு எழுந்து சட்டையைத் தேடினார். பித்தானை மாற்றி மாற்றிப் போட்டார், நான்தான் சரியாகப் போட்டுவிட்டேன். மதிய பஸ்ஸில் மூன்று பேரும் இறங்கினோம். எழுபது வளைவிலும் அவர் மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து அந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஆனால் நோய் ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. பங்குனியிலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது சிஸ்டர். வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். தேற்றாததற்கு இன்றும் அவரை மதிக்கிறேன்.

மருந்து ஏற்றுகிற நாட்களில் ஒருமுறை சின்னப்பொண்ணு என்னைக் கேட்டாள்: "அப்ப இத்தன வருசம் களி தின்னதெல்லாம் வீணாங்க நர்சம்மா?"

"வீணில்ல கண்ணு. களி நல்லதுதான். அதால ஆவறத அது செஞ்சிருக்கும். எல்லாத்தையும் அது பாத்துக்கும்னு நான் சொன்னதுதான் தப்பு."

"அதச் சந்தையிலயும் சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். அடுத்த சந்தையில் அதே மேசையைப் போட்டுச் சொன்னேன். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து எல்லாம் உடம்புக்குத் தேவை, அவை காவலுக்கு நிற்கும், ஆனால் கதவைப் பூட்டிவிடாது. ரத்தம் போனால் மாத்திரையையும் களியையும் நம்பி உட்காராமல் வந்து காட்டுங்கள் என்று சொன்னேன். நான் முன்னால் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சின்னப்பொண்ணு அடுத்த ஆவணி வரை இருந்தாள்.

அவள் இருந்தபோதே இன்னொரு பங்குனி வந்தது. குப்பிகளும் வந்தன. நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, தைரியம் இல்லை. ஒரு காலை நிலையத்தைத் திறக்கும்போது பூசாரி படியில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை தூரம் செருப்பில்லாமல் நடந்தே வந்திருக்கிறார். மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு. அந்தக் கையாலேயே இலைப் பொட்டலம் ஒன்றை என் மேசை மேல் வைத்தார். பிரித்தேன், குப்பி. பக்கத்து வீட்டுக்காரர் மூலம் வாங்கியிருக்கிறார்.

"காப்புக் கட்டியிருக்கீங்களே பெரியவரே..."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா எங்கிட்டத்தானே கோவிச்சுக்குவா. கோவிச்சுக்கட்டும்."

பேனாவை எடுத்தேன். பெயர் எழுதும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கேட்காமல் இனி எழுதக்கூடாது என்று எனக்கு நானே போட்ட கட்டளை. அவரிடம் போய் எப்படிக் கேட்பது?  கேட்டேன்.

"ஏனுங்க... இது உங்களோடதுதானுங்களா?"

"என்னோடதுதான் சாமி" என்றார். "போன வருசமே குடுத்திருக்க வேண்டியது."